அம்மாவின் 96 ஜிபி: கூகுள் டேக்கவுட்டில் படங்களை இறக்கிய கதை

அம்மாவுக்குப் பென்ஷன் சம்பந்தமாக ஒரு மெயில் வரவேண்டியிருந்தது, வரவே இல்லை. போனை வாங்கிப் பார்த்தால் சேமிப்பிடம் தீர்ந்துவிட்டது, இனி மெயில் வராது, அனுப்பவும் முடியாது என்று எழுதியிருந்தது. இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒன்று நிரம்பினால் மற்ற இரண்டும் நின்றுவிடும். மாதாமாதம் காசு கட்டிக் கூடுதல் இடம் வாங்கலாம்தான், ஆனால் அம்மாவுக்கு அதில் விருப்பம் இல்லை. “என் படம் என் கையில இருக்கட்டும், நீ கம்ப்யூட்டர்ல எடுத்துப் போடு” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. 2016 முதல் எடுத்த கோலங்கள், கோயில் கோபுரங்கள், பேரன் தவழ்ந்தது, மாமாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது, வேறெங்கும் பிரதி கிடையாது.

அதற்காகப் பயன்படுத்தியதுதான் கூகுள் டேக்கவுட், கூகுளில் நாம் வைத்திருப்பதை நகலெடுத்து இறக்கிக்கொள்ளத் தரும் சேவை. மூன்று நாள் அதோடு உட்கார்ந்த பிறகு எழுதும் விமர்சனம் இது. ஐந்துக்கு நான்கு தருவேன். சேவை நல்ல சேவை, காசு இல்லை, வைத்தது வைத்தபடி எல்லாவற்றையும் திருப்பித் தருகிறது. ஆனால் “இடம் போதவில்லை” என்ற பிழை எங்கெல்லாம் காத்திருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் பொறுமை போய்விடும். எனக்கு அந்தப் பிழை வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு காரணத்தால் வந்தது, ஒவ்வொரு முறையும் கணினி சொன்னது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம். அந்தக் காரணங்களைப் பிரித்துச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அம்மாவின் கணக்கில் சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்தால் ஃபோட்டோஸ் 11 ஜிபி என்று காட்டியது. சரி, 11 ஜிபிதானே, லேப்டாப்பில் 70 ஜிபி காலியாக இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். டேக்கவுட் தயார் செய்து கொடுத்தது 96 ஜிபி.

இதில் யாருடைய தவறும் இல்லை, காரணம் பழைய விதி. 2021 ஜூன் 1-க்கு முன்னால் ‘ஹை குவாலிட்டி’ என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் அந்த 15 ஜிபி கணக்கில் சேராது, இன்றைக்கும் சேர்வதில்லை. அம்மா போன் வாங்கிய நாளிலிருந்து அந்த அமைப்பில்தான் வைத்திருந்தார். ஆக ஐந்து வருடப் படங்கள் சேமிப்பிடப் பக்கத்தின் கண்ணுக்கே படாமல் உள்ளே கிடந்தன. அதோடு, ஆல்பத்தில் போட்ட படம் டேக்கவுட்டில் இரண்டு முறை வரும், அந்த வருடத்துக்கான ஃபோல்டரில் ஒன்று, ஆல்பத்தின் பெயரிலுள்ள ஃபோல்டரில் இன்னொன்று. படத்தை வெட்டித் திருத்தியிருந்தால் மூலப் படமும் வரும், திருத்தியதும் வரும். அம்மா ஆல்பம் போடுவதில் கெட்டிக்காரர், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்று வைத்திருந்தார். எவ்வளவு வரப்போகிறது என்று டேக்கவுட் முன்கூட்டியே சொல்வதில்லை, தயாரான பிறகுதான் அளவு தெரியும். நான் ஒரு மதிப்பெண் குறைத்ததில் பாதி இதற்காக. சேமிப்பிடப் பக்கத்தில் காட்டும் எண்ணை வைத்து இடம் ஒதுக்காதீர்கள். பழைய கணக்கு என்றால் பல மடங்கு கூடுதலாக வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டேக்கவுட்டுக்குள் போனால் கூகுளின் எல்லாச் சேவைகளும் டிக் போட்டபடி இருக்கும். முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபோட்டோஸ் மட்டும் டிக் செய்ய வேண்டும். அப்புறம் எப்படி வேண்டும் என்று கேட்கும். மெயிலில் லிங்க் வேண்டுமா, டிரைவில் போடவா, வேறு சேவைகளுக்கு அனுப்பவா என்று. டிரைவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படங்களைக் கட்டி டேக்கவுட் தரும் ஜிப் ஃபைல்களும் அதே 15 ஜிபி கணக்கில்தான் சேரும், ஏற்கனவே நிரம்பிய பானையில் இன்னும் ஊற்றுவது மாதிரி. லிங்க்தான் சரி. தயாரானதும் மெயில் வரும், எனக்கு மறுநாள் காலை வந்தது. (மெயில்பெட்டி நிரம்பியிருந்தால் அந்த மெயிலும் வந்து சேராது, டேக்கவுட் பக்கத்துக்கே போய்ப் பார்த்தால் அங்கே லிங்க் இருக்கும்.) லிங்க் ஏழு நாள்தான் உயிரோடு இருக்கும், ஒவ்வொரு ஃபைலையும் இறக்க எண்ணிக்கை வரம்பும் உண்டு, அதனால் இடத்தைத் தயார் செய்துவிட்டுக் கேளுங்கள், கேட்டுவிட்டு இடம் தேடாதீர்கள்.

அடுத்தது துண்டின் அளவு, அதாவது மொத்தத்தையும் எவ்வளவு பெரிய ஜிப் ஃபைல்களாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது. 1, 2, 4, 10, 50 ஜிபி என்று விருப்பங்கள் இருக்கும். ஃபைல் எண்ணிக்கை குறைந்தால் நல்லது என்று நான் 50 எடுத்தேன். இரண்டு ஃபைல் வந்தன, ஒன்று 50, இன்னொன்று 46. அங்கேதான் சறுக்கல் தொடங்கியது.

லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் காட்டுவது 237. இது களவு போனதல்ல, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 1024-ஆக எண்ணுகிறது, மீட்புப் பகுதிக்கும் கொஞ்சம் போகும். அதில் 70 காலி. முதல் ஃபைல் ஒழுங்காக இறங்கியது. இரண்டாவது ஃபைல் 20 ஜிபியைத் தொட்டதும் டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற வரியோடு நின்றது. சி டிரைவின் பட்டை முழுக்கச் சிவப்பு. மடத்தனமாக நான் பழைய சினிமா ஃபைல்கள் சிலவற்றை அழித்தேன், பட்டை அசையவில்லை. காரணம் எளிது, டெலீட் அழுத்தினால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது, அந்தப் பின் இருப்பதும் அதே டிரைவில்தான். காலி செய்தால்தான் இடம் திரும்பும். ஷிஃப்டோடு சேர்த்து டெலீட் அழுத்தினால் நேராகப் போய்விடும், ஆனால் மீட்க முடியாது, படங்கள் விஷயத்தில் இரண்டு முறை யோசித்து அழுத்துங்கள்.

அடுத்த யோசனை, இறங்கிய 50 ஜிபியை வெளி டிரைவுக்கு நகர்த்துவது. வீட்டில் ஒரு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கிடந்தது, டிவியில் படம் பார்க்க வாங்கியது, 320 ஜிபி காலி. இழுத்துப் போட்டேன். இந்த ஃபைல் அந்த ஃபைல் சிஸ்டத்துக்கு மிகப் பெரியது என்று மறுத்துவிட்டது. 320 ஜிபி காலி இருக்கும் இடத்தில் 50 ஜிபிக்கு இடமில்லையா என்று தம்பிக்குப் போன் செய்தேன்.

“அக்கா, ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாரு, ஃபைல் சிஸ்டம்னு என்ன போட்டிருக்கு?”

“ஃபேட்32-ன்னு போட்டிருக்குடா.”

“அதான். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. எவ்ளோ காலி இருந்தாலும் போகாது.”

ஃபைல் சிஸ்டம் என்பது டிரைவ் தன் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை, ஃபேட்32 அதில் பழைய வகை. இது இடப் பிரச்சினையே இல்லை, ஆனால் பல மென்பொருள்கள் இதையும் டிஸ்க் நிரம்பியது அல்லது எழுத முடியவில்லை என்றுதான் சொல்லும். பழைய பென்டிரைவ், டிவிக்காகவோ கார் ஸ்டீரியோவுக்காகவோ ஃபார்மட் செய்த டிரைவ் எல்லாம் ஃபேட்32-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றியே தீரவேண்டும் என்றில்லை, டேக்கவுட்டில் 2 ஜிபி துண்டு கேட்டால் அதிலேயே போடலாம். ஆனால் 96 ஜிபிக்கு 48 ஃபைல் இறக்க வேண்டும், ஒவ்வொன்றையும் தனியாக அழுத்த வேண்டும், நடுநடுவே பாஸ்வேர்டு வேறு கேட்கும்.

புதிதாக 1 டிபி டிரைவ் வாங்கினேன். கடைத் தம்பி, “எல்லாம் ஃபார்மட் பண்ணித்தான் வருது அக்கா, அப்படியே போடலாம்” என்றார். போடவும் முடிந்தது. அதன் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபேட், அதில் 4 ஜிபி வரம்பு கிடையாது. குரோமின் செட்டிங்ஸில் டவுன்லோட் இடத்தை அந்த டிரைவுக்கு மாற்றிவிட்டு மறுபடி இறக்கினேன். இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு நாள் மிச்சம். இறங்கும்போது தற்காலிக ஃபைலும் அங்கேதான் வளரும், சி டிரைவ் தொந்தரவில்லாமல் இருக்கும். எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு, தடையில்லாமல் ஓடினால் 50 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். நடுவில் கரண்ட் போனது, மோடம் அணைந்தது, 38 ஜிபி வந்த ஃபைல் அறுந்தது. 50 ஜிபி துண்டு எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். 10 ஜிபி துண்டு என்றால் அறுந்தாலும் பத்துதான் நஷ்டம்.

இப்போது பிரிக்கும் கட்டம். ஜிப் என்றதும் சுருங்கியிருக்கும் என்று தோன்றும். ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் ஏற்கனவே சுருக்கியவை, ஜிப் அவற்றை மேலும் சுருக்காது. 50 ஜிபி ஜிப்பைப் பிரித்தால் 50 ஜிபி வரும், ஜிப்பும் அதுபாட்டுக்கு இருக்கும். ஆக இரண்டையும் பிரித்து முடிக்கும்போது 96-ம் 96-ம் சேர்ந்து 192 ஜிபி. அதற்கும் மேலே ஒரு சங்கதி, ஜிப்பைப் பிரிக்க உதவும் 7-ஜிப் என்ற மென்பொருளின் சாளரத்திலிருந்து மவுஸால் இழுத்து வெளி டிரைவில் போட்டால் பழைய பதிப்புகள் முதலில் சி டிரைவின் டெம்ப் ஃபோல்டரில் பிரித்து, அப்புறம்தான் நகலெடுக்கும். வெளி டிரைவில் 700 ஜிபி காலி இருக்க, சி டிரைவ் நிரம்பி வேலை நின்றால் காரணம் இதுதான். இழுக்காதீர்கள், எக்ஸ்ட்ராக்ட் பட்டனை அழுத்தி இடத்தைக் கொடுங்கள், நேராக அங்கேயே பிரியும். விண்டோஸே பிரிக்கும்போது பாதை மிக நீளம் என்று ஒரு பிழை வந்தால் அதுவும் இடப் பிழை இல்லை, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீளமான பெயர் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். டிரைவின் முதல் மட்டத்திலேயே ஓரெழுத்துப் பெயரில் ஃபோல்டர் போட்டு அங்கே பிரித்தால் சரியாகிவிடும்.

பிரித்து முடித்ததும் எனக்கு இன்னொரு குழப்பம். படங்களும் வீடியோக்களும் சேர்ந்து சுமார் 41,000. டேக்கவுட் ஒவ்வொன்றோடும் ஜேசன் என்று ஒரு குட்டி ஃபைல் தருகிறது, படம் எடுத்த நேரம், இடம், நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். ஒன்றின் அளவு ஒரு கேபி அளவில்தான். ஜேசன் ஃபைல்களை மட்டும் தேடித் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். ‘சைஸ்’ என்ற வரியில் 41 எம்பி, அதற்குக் கீழே ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற வரியில் 5 ஜிபி. இரண்டு வரிக்கும் நடுவில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம், திரை தவறாகக் காட்டுகிறது என்றே நினைத்தேன்.

தவறு இல்லை. டிரைவ் இடத்தைக் கட்டம் கட்டமாகத்தான் ஒதுக்கும், ஒரு கட்டத்தை இரண்டு ஃபைல் பங்கு போட முடியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் கட்டம் வழக்கமாக 128 கேபி. ஒரு கேபி ஜேசனுக்கும் 128 கேபி ஒதுக்கியாக வேண்டும். 41,000-ஐ 128-ஆல் பெருக்கிப் பாருங்கள், 5 ஜிபி வந்துவிடும். விண்டோஸின் சொந்த ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் என்றால் கட்டம் 4 கேபி, அதே ஜேசன்களுக்கு 160 எம்பி போதும். 1 டிபியில் 5 ஜிபி பெரிதில்லைதான், ஆனால் 128 ஜிபி பென்டிரைவில் 110 ஜிபி படத்தைப் போடப் பார்க்கிறவருக்குக் கணக்குப்படி இடம் இருக்கும், ஃபைல் போகாது, ஏனென்றே புரியாது. நான் டிரைவை என்டிஎஃப்எஸ்-ஆக மாற்றி ஃபார்மட் செய்தேன். (ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், நீங்கள் இறக்குவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.) விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு அதுதான் நல்லது. மேக்கும் வைத்திருந்தால் எக்ஸ்ஃபேட்டையே வைத்துக்கொள்ளுங்கள், என்டிஎஃப்எஸ்-ஐ மேக் படிக்கும், எழுதாது.

ஜேசன் தனியாக வருவது டேக்கவுட்டில் எனக்குப் பிடிக்காத இன்னொரு பாதி. கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே தேதி இருக்கும், பிரச்சினையில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்தத் தேதி இருக்காது, ஜேசனில் மட்டும்தான் கிடைக்கும். கணினியில் வரிசைப்படுத்தினால் அறுபதாம் கல்யாணத்துக்கு உறவினர்கள் அனுப்பிய படமெல்லாம் தப்பான தேதியில் போய் நிற்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் ஜேசனிலிருந்து தேதியை எடுத்துப் படத்துக்குள் எழுதிவிடலாம், அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அதுவும் பாதுகாப்புக்காக ஒவ்வொரு படத்தையும் மாற்றுமுன் பழைய பிரதியை ‘ஒரிஜினல்’ என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும், வேண்டாம் என்று கட்டளையில் தனியாகச் சொன்னால் மட்டும் விட்டுவிடும். நான் சொல்லவில்லை. 96 இன்னொரு முறை பெருகியது. ஜிப், பிரித்தது, பழைய பிரதி மூன்றும் சேர்ந்து 288 ஜிபிக்குப் பக்கத்தில். புது டிரைவாக இருந்ததால் தாங்கியது, லேப்டாப்பில் செய்திருந்தால் நடுவிலேயே நின்றிருக்கும்.

அதனால் இனி யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: வரப்போகும் அளவைப் போல மூன்று மடங்கு காலி இடம் இருந்தால் கவலையில்லாமல் தொடங்கலாம். அவ்வளவு இல்லையென்றால் 10 ஜிபி துண்டு கேட்டு, ஒன்றை இறக்கி, பிரித்து, அந்த ஜிப்பை நீக்கி, அப்புறம் அடுத்தது என்று போகலாம், ஒரு மடங்கும் கூடவே ஒரு முப்பது ஜிபியும் இருந்தால் சமாளிக்கலாம். எல்லாத் துண்டையும் ஒரே ஃபோல்டருக்குள் பிரிக்க வேண்டும், ஏனென்றால் படம் ஒரு துண்டிலும் அதன் ஜேசன் இன்னொரு துண்டிலும் வரும், தனித்தனி ஃபோல்டரில் பிரித்தால் ஜோடி சேராது. நீக்குவதற்கு முன்னால் 7-ஜிப்பில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, ஃபைல் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும், அதை அழுத்தாமல் எதையும் நீக்காதீர்கள்.

வேறு சேவை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்திலும் இதே மாதிரி நகல் கேட்கலாம், துண்டின் அளவு 25 ஜிபி வரை தேர்ந்தெடுக்கலாம், இடக் கணக்கு இதேதான். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் மேகச் சின்னத்தோடு, அதாவது இணையத்தில் மட்டும் இருக்கும் ஃபைலை வெளி டிரைவுக்கு நகலெடுத்தால் அது முதலில் சி டிரைவில் இறங்கி, அப்புறம்தான் வெளியே போகும். சி டிரைவ் சிறியது என்றால் ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள், ஒவ்வொன்றும் முடிந்ததும் இடத்தை விடுவிக்கும் கட்டளையை ரைட் கிளிக்கில் கொடுங்கள்.

சரி, படம் கணினிக்கு வந்தாயிற்று, இனி மேகத்தில், அதாவது கூகுளின் இணையச் சேமிப்பில், அழித்தால் மெயில் வரும் என்று அம்மா உட்கார்ந்திருந்தார். இங்கேதான் அந்தப் பழைய விதி மறுபடி வந்து நிற்கிறது. 2021-க்கு முந்தைய ஹை குவாலிட்டி படங்கள் கணக்கிலேயே சேரவில்லை அல்லவா, அவற்றை அழித்தால் ஒரு எம்பி கூடத் திரும்பாது. கணக்கில் ஏறிய 11 ஜிபி முழுக்க 2021 ஜூனுக்குப் பிந்தையது. டேக்கவுட்டில் வருடவாரியாகத் தேர்ந்தெடுக்க முடியும், மெயில் திறப்பது மட்டும்தான் அவசரம் என்றால் 2021-லிருந்து உள்ள ஃபோல்டர்களை மட்டும் டிக் செய்திருந்தால் போதும், லேப்டாப்பின் 70 ஜிபியிலேயே ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். 96-ஐயும் எடுத்து வைத்ததில் எனக்கு வருத்தமில்லை, எப்படியும் ஒரு பிரதி வேண்டும். ஆனால் அழித்தது பிந்தைய வீடியோக்களை மட்டும்தான், பழையதெல்லாம் மேகத்திலும் அப்படியே இருக்கிறது.

அழிக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஃபோட்டோஸில் அழித்தால் அதோடு இணைந்த போனிலிருந்தும் படம் போய்விடும், ஆகவே பிரதி கையில் இருப்பதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள். அழித்தது 60 நாள் ஃபோட்டோஸின் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதுவரை இடமும் திரும்பாது, தொட்டியைக் காலி செய்தால் கிடைக்கும். நான் காலி செய்வதற்கு முன்னால் புது டிரைவில் இருந்ததை அந்தப் பழைய 500 ஜிபி டிரைவிலும் ஒரு பிரதி எடுத்தேன். அதையும் என்டிஎஃப்எஸ்-ஆக மாற்றி, டிவி பார்ப்பதற்கு இனி கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, அம்மாவின் பீரோவில் புடவைக்கு நடுவே வைத்திருக்கிறோம்.

குப்பைத்தொட்டியைக் காலி செய்த பிறகு அம்மாவின் சேமிப்பிடம் 6 ஜிபிக்கு இறங்கியது. பென்ஷன் மெயிலை மறுபடி அனுப்பச் சொல்லி எழுதினோம், அன்று சாயங்காலமே வந்தது. அம்மா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி 2017 ஃபோல்டருக்குள் போய் மாமாவின் தலையில் கலசத் தண்ணீர் ஊற்றும் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் நிற்பது யார் யார் என்று ஒவ்வொருவராக எனக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.